ஸ்டுடிபேக்கர் ஊரிலிருந்து அப்பாவுக்கு

சவுத் பெண்ட், இந்தியானா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்களுக்கு முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறாரா? போனில் பேசும்போதெல்லாம் பாப்பா குறுக்கே வந்து பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் இந்த ஊர் ஸ்டுடிபேக்கர் கார் கம்பெனியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்றைக்கு உட்கார்ந்து எழுதியே விடுகிறேன்.

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும், "சவுத் பெண்டா? அது ஸ்டுடிபேக்கர்காரன் ஊராச்சே" என்றீர்கள். மில் லாரி ஷெட்டில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய ஸ்டுடிபேக்கர் லாரி நின்றது என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் நாட்டில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு காலத்தில் ஸ்டுடிபேக்கர் வண்டிகளையும் பூட்டி விற்றிருக்கிறது. ஷெட்டில் நின்றது அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்.

முதலில் ஊரைப் பற்றி. செயின்ட் ஜோசப் என்ற ஆறு இங்கே தெற்கே வந்து வளைந்து மறுபடி வடக்கே திரும்புகிறது. ஊர்ப் பெயர் அதிலிருந்துதான். மிச்சிகன் ஏரி பக்கத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் ஏரிக்காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது. காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடித்தகட்டைத் தின்றுவிடுகிறது. நீங்கள் பார்த்தால் மனசு கேட்காது. பால் வாங்கவும் கார்தான், பாப்பாவின் ஸ்கூலுக்கும் கார்தான். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் சிகாகோ டெவான் தெருவுக்குப் போகிறோம். நல்ல நாள் பார்த்துப் போனால் அரோரா பாலாஜி கோயிலிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். சிகாகோவுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருப்பதால் போகும்போது ஒரு மணி நேரம் மிச்சமாகும், திரும்பும்போது போய்விடும். மற்றபடி வாழ்க்கை அமைதியாகத்தான் ஓடுகிறது.

சரி, ஸ்டுடிபேக்கருக்கு வருகிறேன். இங்கே அந்தக் கம்பெனிக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. போன மாதம் நாள் முழுக்க அங்கேயே இருந்தேன். உங்கள் மாப்பிள்ளைக்குக் கால் வலித்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ வரவே மனமில்லை.

கம்பெனி காரில் தொடங்கவில்லை அப்பா, கொல்லுப்பட்டறையில் தொடங்கியது. ஹென்றி, கிளெமென்ட் என்று இரண்டு அண்ணன் தம்பிகள் 1852-ல் இங்கே பட்டறை போட்டார்கள். கையில் 68 டாலரும் இரண்டு செட் பட்டறைச் சாமானும்தான் இருந்தன. அடுத்த தம்பி ஜான் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே சுரங்கக்காரர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து கொடுத்ததில் நல்ல காசு. 1858-ல் 8,000 டாலருடன் ஊருக்கு வந்து மொத்தத்தையும் பட்டறையில் போட்டார். ஹென்றி விலகிக்கொண்டார். அவர்கள் குடும்பம் சண்டையே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது, பட்டறையோ ராணுவத்துக்கு வண்டி செய்யத் தொடங்கியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு இவர்களுடைய வண்டிகளும் சாமான் சுமந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே பெரிய வண்டிப் பட்டறை என்று பெயர் வாங்கிவிட்டார்கள். 'சொன்னதைவிடக் கூடவே கொடு' என்பது அந்தக் குடும்பத்தின் வாக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மியூசியத்தில் ஒரு கோச்சு வண்டி இருக்கிறது. 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்க்கப் போனது அந்த வண்டியில்தான். இவர்கள் செய்ததில்லை, கிளெமென்ட் பின்னால் வாங்கிச் சேர்த்தது. திரும்பி வரும்போது அதில் ஏற அவர் இல்லை. அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கார் 1902-ல் வந்தது, முதலில் பேட்டரியில் ஓடுவது. 1904-ல் பெட்ரோல் கார். குதிரை வண்டியை 1920 வரைக்கும் விடவில்லை. குதிரை வண்டியிலிருந்து காருக்குத் தாவி இத்தனை பெரிதாக நிலைத்த கம்பெனி அமெரிக்காவில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அப்புறம் 1933-ல் ஒரு பெரிய அடி. ஆல்பர்ட் எர்ஸ்கின் என்பவர் தலைவராக இருந்தார். ஊரே பஞ்சத்தில் கிடந்த காலத்தில் வந்த லாபத்துக்கு மேலேயே பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்தார். கம்பெனி கோர்ட் பொறுப்புக்குப் போனது. சில மாதத்தில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பால் ஹாஃப்மன், ஹெரால்டு வான்ஸ் என்ற இருவர் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்த ஹாஃப்மன்தான் போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு உதவிய மார்ஷல் திட்டத்தை நடத்தியவர்.

உங்களுக்குப் பிடித்தமான இடத்துக்கு வருகிறேன். 1936-ல் 'ஹில் ஹோல்டர்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மேட்டில் வண்டியை நிறுத்தி, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். கிளட்ச் மிதியில் இருக்கிறவரை பிரேக் பிடித்தபடியே இருக்கும், வண்டி பின்னால் உருளாது. கிளட்சை விட்டால் தானாக விடுபடும். பிரேக் ஆயில் திரும்பும் வழியை ஒரு சின்ன வால்வு அடைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். இதைப் படித்ததும் எனக்கு மேட்டுப்பாளையம் - ஊட்டி ரோடுதான் கண்ணில் வந்தது. மில் லாரி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் பையன் குதித்து ஓடிப்போய் டயருக்குப் பின்னால் கல் வைப்பானே! ஒரு கையகல வால்வு அந்த ஓட்டத்தையே இல்லாமல் செய்திருக்கிறது, அதுவும் 1936-ல்.

இரண்டாம் உலகப்போரில் இவர்கள் செய்த யு.எஸ்.6 லாரி சுமார் 2 லட்சம். பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. அங்கே சேற்றிலும் பனியிலும் ஓடி, கத்யூஷா ராக்கெட்டை முதுகில் தாங்கி, ரஷ்யர்கள் வாயில் ஸ்டுடிபேக்கர் என்ற பெயர் நல்ல பெயராக நின்றது. அதன் சேஸியைத் தொட்டுப் பார்க்க உங்களுக்குக் கை பரபரக்கும்.

போர் முடிந்து மற்றவர்கள் பழைய மாடலையே விற்றுக்கொண்டிருந்தபோது இவர்கள் 1947 மாடலாகப் புத்தம்புது கார் இறக்கினார்கள். ஸ்டார்லைட் கூப்பே என்ற இரண்டு கதவுக் காரின் பின் கண்ணாடி இரண்டு பக்கமும் சுற்றி வளைந்திருக்கும், டிக்கியும் பானெட் போல நீளம். இந்த வண்டி வருகிறதா போகிறதா என்று ஊரே கேலி பேசியது. 1950-ல் மூக்கில் துப்பாக்கிக் குண்டு வைத்தது போல முன்பக்கம். அந்த வருஷம்தான் உச்சம், 3 லட்சத்துக்கு மேல் உற்பத்தி. 1953-ல் ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளரின் ஸ்டுடியோவில் ராபர்ட் பர்க் வரைந்த கூப்பே இருக்கிறதே, அதைப் போல அழகான அமெரிக்கக் கார் எனக்குத் தெரிந்து இல்லை. தாழ்வாக, ஒட்டின வயிற்றோடு, தேவையில்லாத குரோம் பட்டை எதுவும் இல்லாமல் நிற்கிறது.

அழகு மட்டும் போதவில்லை. அந்த 1953 மாடல் நேரத்துக்கு ஷோரூமுக்கு வரவில்லை, வந்ததிலும் பாடி பொருத்தம் சரியில்லை. அதே நேரம் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒருவரையொருவர் முந்த விலையைத் தள்ளுபடி செய்து விற்க, நடுவில் சின்ன கம்பெனிகள் நசுங்கின. 1954-ல் பேக்கார்டு என்ற இன்னொரு கார் கம்பெனியோடு இணைந்தார்கள். பேக்கார்டும் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. 1959-ல் லார்க் என்ற சின்ன கார் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. 1962-ல் ஃபைபர் பாடியோடு அவாண்டி வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒரு லார்க் வைத்திருக்கிறார். கோடையில் மட்டும் வெளியே எடுப்பார். ஒருநாள் பாப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை வரை ஓட்டிக்காட்டினார். என்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது. அவருடைய அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தவராம். நம் கோவையில் பாதி வீடுகளில் ஃபவுண்டரி என்ற சொல் புழங்குமே, அவர் சொன்னதும் எனக்கு நம் ஊர்க்காரரோடு பேசுவது போலவே இருந்தது. அப்பனும் பிள்ளையும் ஒரே ஷெட்டில் வேலை பார்ப்பதைக் கம்பெனியே விளம்பரமாகப் போட்டிருக்கிறது. மியூசியத்தில் அந்தப் பழைய படங்களைப் பார்த்தேன்.

ஊருக்கு மேற்கே கம்பெனி 1926-ல் வண்டி ஓட்டிப் பார்க்கும் மைதானம் ஒன்று போட்டது. அதில் ஒரு பகுதி இன்று பூங்கா. அங்கே பைன் மரங்களை எழுத்து வடிவில் நட்டு ஸ்டுடிபேக்கர் என்று எழுதியிருக்கிறார்கள், அரை மைல் நீளத்துக்கு. நடந்து போனால் வெறும் காடுதான். ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் படிக்க முடியும்.

இனி நான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றே நினைத்திருந்தது. 1954-ல் விற்பனை சரிந்தபோது கம்பெனி கூலியைக் குறைக்கக் கேட்டது. தொழிலாளிகள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொண்டு ஷெட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள் அப்பா. கூலிக்குப் பதிலாகப் பிறகு பென்ஷனைக் கூட்டித் தருகிறோம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். எழுதின அளவுக்குப் பணத்தை நிதியில் போடவில்லை. 1963 டிசம்பர் 9-ஆம் தேதி ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். டிசம்பர் 20-ல் கடைசிக் கார் வெளியே வந்தது, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால். சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. கனடாவில் ஹாமில்டன் ஆலை மட்டும் 1966 வரை ஓடியது.

பென்ஷன் நிதியைப் பிரித்தபோது 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. பத்து வருஷ சர்வீஸ் முடித்து 40-லிருந்து 59 வயதுக்குள் இருந்த சுமார் 4,000 பேருக்கு வரவேண்டியதில் நூற்றுக்குப் பதினைந்துதான். இவர்கள் சராசரியாக இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றுமே இல்லை. 'சொன்னதைவிடக் கூடவே கொடு' என்று ஊருக்கெல்லாம் சொன்ன வீட்டின் பெயரில் இது நடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அந்தத் தொழிலாளிகள் பட்டது வீணாகவில்லை. அவர்கள் சங்கம் இதை வாஷிங்டன் வரை கொண்டு போனது. பதினோரு வருஷம் ஆனது. 1974 செப்டம்பர் 2-ஆம் தேதி, இங்கே தொழிலாளர் தினத்தன்று, ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பென்ஷன் தருவதாகச் சொன்னால் அதற்கான பணத்தைக் கம்பெனி ஒதுக்கியே ஆக வேண்டும். கம்பெனி திவாலானாலும் ஒரு வரம்பு வரை கொடுக்க அரசு காப்பீட்டு அமைப்பு ஒன்று உருவானது. இந்த நாட்டில் அந்த மாதிரிப் பென்ஷன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஊர்த் தொழிலாளிகள் வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அழகான கூப்பேயைவிட இதற்காகத்தான் ஸ்டுடிபேக்கர் பெயரை உலகம் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் வேலை பார்த்த மில்லை மூடியபோது எனக்குப் பத்தாவது பரீட்சை. செட்டில்மென்ட் வரும், கிராஜுவிட்டி வரும் என்று நீங்களும் மற்ற மாமாக்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்கு அலைந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதிதான் வந்தது. அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்டினார். நம் ஊரில் 1972-லேயே கிராஜுவிட்டிச் சட்டம் வந்துவிட்டது. அது தொழிலாளியின் உரிமை, முதலாளி போடும் பிச்சை இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கையை விரித்தால் யார் தருவது என்பதற்குத்தான் வழி இல்லாமல் போனது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், தயவு செய்து தட்டாதீர்கள். பீரோவின் கீழ்த்தட்டில் நீல ஃபைல் ஒன்று இருக்கும். அதில் உங்கள் சர்வீஸ் சர்டிபிகேட், பி.எஃப். ஸ்லிப், மில் கொடுத்த நோட்டீஸ் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். தம்பியிடம் சொல்லி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சங்கத்தில் இன்னும் யாராவது அந்தக் கேஸைப் பார்த்துக்கொள்கிறார்களா, எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். வக்கீல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு வேலை பார்த்த மாமாக்களில் யாருக்கெல்லாம் பாக்கி இருக்கிறதோ, அவர்கள் பெயரையும் எழுதிவையுங்கள். எல்லாரும் சேர்ந்தே கேட்போம்.

விசா தேதி கிடைத்தால் மே மாதம் வாருங்கள், பனி இருக்காது. அம்மாவிடம் வத்தல் நிறைய வேண்டாம், கொஞ்சம் போதும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் மகள்