துக்க விடுப்பு இறுதிச் சடங்கோடு முடிய வேண்டாம்

மனிதவளத் துறையினருக்கும், விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

"இறுதிச் சடங்கு எத்தனை மணிக்கு?" துக்க விடுப்பு கேட்டால் பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. பதினொரு மணிக்கு என்றால், மதியத்துக்கு மேல் வேலைக்கு வந்துவிடலாமே என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எளிமையாக நடத்துகிறோம், குடும்பத்தார் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் கணக்கு இன்னும் சுருங்கிவிடும். அந்தக் கணக்கு தவறு என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் பெரியப்பா தன் இறுதிச் சடங்கை ஆடம்பரம் இல்லாமல், சொந்தங்களை மட்டும் வைத்துச் செய்யச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். இரண்டு பேர் சில வார்த்தைகள் பேசினார்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அங்கே யாரும் அதிகம் அழக்கூட இல்லை. அடுத்து என்ன, யார் எந்த வண்டியில் ஏறுவது என்ற கவனத்திலேயே நேரம் போய்விட்டது. அப்புறம்தான் எல்லோரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம்.

அத்தை பழைய போட்டோ ஆல்பத்தை எடுத்து வந்தார். அதில் ஒரு படம்: சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் இளவயதுப் பெரியப்பா. அவரோடு வேலை பார்த்த நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட இந்த சைக்கிளைத்தான் வித்தான்" என்றார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "தொலைஞ்சு போச்சுன்னுல்ல என்கிட்ட சொன்னாரு!" என்று சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது. அன்று காலையிலிருந்து அவர் அழுதது அப்போதுதான்.

அந்த நேரத்தில் என் சித்தப்பா மகன் அங்கே இல்லை. பள்ளிப் படிப்பு முழுவதையும் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தவன் அவன். ஆனால் அவன் நிறுவனத்தின் பட்டியலில் பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் தவிர வேறு உறவு கிடையாது. அரை நாளே சலுகையாகத்தான் கிடைத்தது. மதிய ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். சைக்கிள் கதையைப் பிறகு போனில் சொன்னேன். கதையைச் சொல்லிவிடலாம், பெரியம்மா சிரித்ததை எப்படிச் சொல்வது?

சடங்கு நீண்டதாக இருந்தால் அதற்குள்ளேயே உட்காரவும் பேசவும் நேரம் கிடைத்துவிடும். சுருக்கமான சடங்கில் அது கிடைக்காது. அதனால் பிறகு வீட்டில் கூடும் சில மணி நேரத்தின் மேல்தான் முழுப் பாரமும் விழுகிறது. பெரியம்மாவோடு இன்று இரவு யார் தங்குவது, இறப்புச் சான்றிதழுக்கு யார் அலைவது, வங்கிக் கணக்கில் நாமினி யார் என்பதெல்லாம் அந்தக் கூடத்தில்தான் முடிவாகின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் அரை மணியில் முடிகிற பேச்சு, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் வாரக்கணக்கில் போனில் இழுக்கும். உங்கள் ஊழியர் அதை வேலை நேரத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

சட்டம் எழுதிய சிலருக்கு இது புரிந்திருக்கிறது. நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் இறந்தால் சம்பளத்துடன் 3 நாள் விடுப்பு. அதைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. தாத்தா பாட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாதவர் இறந்தாலும், அவரோடு எவ்வளவு நெருக்கம், ஏற்பாடுகளில் என்ன பொறுப்பு என்பதைப் பார்த்து ஒரு நாள் தர இடமிருக்கிறது. கனடாவின் மத்திய சட்டம், நெருங்கிய குடும்பத்தாருக்கான விடுப்பை இறுதிச் சடங்கோ நினைவுக் கூட்டமோ, எது கடைசியாக நடக்கிறதோ அதற்குப் பிறகு 6 வாரம் வரை எடுக்க விடுகிறது. அமெரிக்காவின் மத்திய தொழிலாளர் சட்டமோ, இறுதிச் சடங்குக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் தரச் சொல்வதே இல்லை. அங்கே எல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் மனம்தான். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் உங்கள் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. சடங்கு நாளை முழு நாளாகவே கொடுங்கள், மறுநாளையும் சேர்த்துக் கொடுங்கள். உறவுப் பட்டியலில் ஒரு வரி காலியாக விடுங்கள். தன்னை வளர்த்தவர் யார் என்று ஊழியரே அதில் எழுதட்டும். கையில் வரவே நாளாகும் சான்றிதழை மறுநாளே கேட்காதீர்கள். அந்த இரண்டு நாளும் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்து, அவர் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆல்பம் சுற்றி வரும்போதும் அவர் கண் செல்போனில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் விடுப்புக்காகக் காத்து நின்ற ஓர் ஊழியர்