றங்குப்பெட்டி திறந்து தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய ஏடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் படமெடுக்கும் எங்கள் சின்ன வேலை ஒருவாறு முடிந்துவிட்டது. உதவியவர்கள் கனபேர். எல்லாருடைய வாசலுக்கும் வந்து சொல்ல முடியாததால் இந்த மடல்.

முதல் நன்றி, ஏடும் தாளும் வைத்திருந்த றங்குப்பெட்டியைத் திறந்த அம்மாமாருக்கு. 1981 மே 31 இரவு பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதைக் கண்ட ஊரில், வீட்டிலிருக்கும் தாளைத் தெரியாதவர் கையில் கொடுப்பது லேசான காரியம் இல்லை. "வெளியே தரமாட்டேன், இங்கேயே வைத்து எடுங்கோ" என்றவர்களும் உண்டு. சரி, அவர்கள் வீட்டு மேசையிலேயே எடுத்தோம். மாட்டு வைத்தியம் சொல்லும் மாட்டு வாகடம், சாதகக் குறிப்புகள், காணி உறுதிகள், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த 'கல்வெட்டு' என்ற சிறு புத்தகங்கள் என்று எவ்வளவோ வந்தன. மங்கிய ஏட்டுக்கு விளக்குக் கரி தடவி எழுத்தை எழுப்பவும், எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசவும் பொறுமையாகக் காட்டித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி.

அடுத்து, சோனகத் தெரு நானாவுக்கும் அவருடைய பழைய அயலவருக்கும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னவர்கள் புலிகள். நூலகம் எரிந்ததைச் சொல்லும் வாய் இதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று புத்தளத்துக்குப் போன நானா, தன் வாப்பாவின் அறபுத்தமிழ்க் (அறபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். 1995 இடப்பெயர்வில் அந்த வீட்டார் தென்மராட்சிக்கு நடந்தபோது, சொந்த ஏட்டுக் கட்டோடு அதையும் சுமந்தார்கள். தங்கள் தையல் மெசினை விட்டுவிட்டுத்தான் போனார்களாம்! போர் முடிந்து நானா திரும்பியதும் புத்தகம் அவர் கைக்குப் போனது. எங்களுக்குப் படமெடுக்கத் தந்தபோது இரண்டு வீட்டாரும் கூடவே இருந்தார்கள்.

பேராதனையிலிருந்து கமெராவோடு வந்த சிங்களத் தம்பிக்கும் நன்றி. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நூலகத்தைத் திரும்பக் கட்டவென்று தெற்கில் செங்கல்லும் புத்தகமும் சேர்த்தார்கள். எரித்த தடயத்தை மூடுகிறார்கள் என்று இங்கே பலருக்குக் கோபம், எனக்கும்தான். யார் எரித்தார்கள் என்று சொல்லாமல் சுவருக்கு வெள்ளையடித்தால் போதாது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். புத்தகம் தந்த சாதாரணச் சனங்கள் மேல் அந்தக் கோபத்தை ஏற்ற மனமில்லை. இதைத் தம்பியிடம் நேரே சொன்னேன். வாதாடாமல் கேட்டுவிட்டு, மாலைவரை ஏடு துடைத்தார்.

2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும், 'நூலகம்' என்றே பெயர்கொண்ட நிறுவனத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்த எண்ணமே வந்தது. அவர்களுக்கும் நன்றி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படப் பிரதிகள் பென்டிரைவில் ஆயத்தமாக இருக்கின்றன. தந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காணி உறுதிகளை உரியவரைத் தவிர வேறு யாருக்கும் காட்டமாட்டோம்.

நன்றியுடன்,
படமெடுத்த பிள்ளைகள் சார்பில்