புலமைப்பரிசில் பெறுபேறு: நண்பருக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி,
செப்டெம்பர் 2025.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளுக்கு மட்டக்களப்பிலேயே நியமனம் கிடைத்த செய்தி இங்கு எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மனைவி தன் வாழ்த்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். கடிதத்தின் கடைசியில், "இம்முறை தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் சித்தி?" என்று கேட்டிருந்தீர். புலமைப்பரிசிலுக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றது ஒரு பிள்ளை. அவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆயினும் ஆசிரிய ஆலோசகராகப் பல பாடசாலைகளின் பெறுபேறுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பில் நீர் இருப்பதால், சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை நடந்த பரீட்சைக்கு எங்களிடமிருந்து பதினேழு பிள்ளைகள் தோற்றினார்கள். நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதிய அதே வினாத்தாள்களைத்தான் இவர்களும் எழுதினார்கள். பெறுபேறு வந்த பின்னர் நடந்த அதிபர்கள் கூட்டத்தில், பாடசாலைகளின் பெயர்களை வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் வீதப்படி வரிசைப்படுத்தித் திரையில் காட்டினார்கள். எங்கள் பெயர் கடைசிக்குச் சற்று மேலே இருந்தது. யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. முதலிடத்தில் இருப்பது நல்ல பள்ளிக்கூடம், கடைசியில் இருப்பது கெட்ட பள்ளிக்கூடம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வரிசை சொல்லாமல் விட்டவற்றில் முதலாவது, யார் எங்களிடம் எஞ்சுகிறார்கள் என்பது. தரம் ஐந்துடன் முடியும் சிறிய பாடசாலை எங்களுடையது. வாகனம் பிடித்து அனுப்ப வசதியுள்ள பெற்றோர், தரம் இரண்டு மூன்றிலேயே பிள்ளையை நகரத்துப் பாடசாலைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் தகப்பன்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெறும் புள்ளிகள் நகரத்துப் பாடசாலையின் கணக்கில் சேர, அவர்கள் இல்லாத வகுப்பை வைத்துக்கொண்டு அதே அளவுகோலுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு தரங்களை ஒரே அறையில் ஒருவர் கவனிக்கும் நிலை இந்த வருடமும் மாறவில்லை.

இரண்டாவது விடயம் எனக்கு இன்னும் முக்கியமானது. வெட்டுப்புள்ளிக்கு மிகக் கீழே நின்ற பிள்ளை ஒருத்தி. தரம் மூன்றில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது கூட்டெழுத்துகளை வாசிக்கத் தெரியாமல் இருந்தாள். தகப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. வருட ஆரம்பத்தில் நாங்கள் வைத்த பயிற்சிப் பரீட்சை ஒன்றில் அவளுடைய இரண்டாம் வினாத்தாளை நானே எடுத்துத் திருத்தினேன். முதல் பக்கங்களில் எழுதியவை பெரும்பாலும் சரி. வாசிப்புப் பந்தியை அடுத்து வந்த வினாக்களில் எழுத்து நெருங்கிச் சரிந்திருந்தது. அதன்பின் கடைசிப் பக்கங்கள் முழுவதும் வெறுமை. மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் கணிதமும் சுற்றாடலும் தெரியாத பிள்ளை என்றே முடிவு கட்டியிருப்போம். அவளை அருகில் இருத்தி மீதி வினாக்களை நான் வாசித்துச் சொன்னபோது, பெரும்பாலானவற்றுக்குத் தயங்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதவில்லை. குறை வாசிப்பு வேகத்தில் இருந்தது. அன்று முதல் தினமும் காலையில் அவளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்தோம். இம்முறை அவள் எழுபது புள்ளிகளைத் தாண்டிவிட்டாள். திரையில் காட்டிய வீதத்தில் அந்த முன்னேற்றத்துக்கு இடமில்லை.

இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு 1940களில் இது வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய மகா வித்தியாலயத்துக்குப் போவதற்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றும் உதவிப்பணம் சில குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். மாதம் 750 ரூபாயாக இருந்ததை 1,500 ஆக உயர்த்துவதாக இவ்வருட வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் தேவைப்பட்டவனைத் தேடிப் பிடிப்பதற்காக வந்த பரீட்சை, பிரபல பாடசாலைகளில் தரம் ஆறுக்கு இடம் பிடிக்கும் போட்டியாகவும் ஆகிவிட்டது. உதவிப்பணம் தேவைப்படாத வீட்டுப் பிள்ளையும் அதே மண்டபத்தில் இருந்து அதே வெட்டுப்புள்ளிக்காகப் போராடுகிறது. பத்து வயதுப் பிள்ளையின் படத்தை மாலையோடு பதாகையில் அச்சடித்துச் சந்தியில் கட்டுகிறோம். பதாகையில் இல்லாத பிள்ளைகளும் அதே சந்தியைக் கடந்துதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். சென்ற வருடம் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பெறுபேறு 2025 ஜனவரி வரை இழுபட்டதை நீர் அறிவீர். பிள்ளைகளின் பரீட்சை ஒன்றுக்குப் பெரியவர்கள் இத்தனை பாரத்தை ஏற்றிவிட்டால், அதைக் களவாடவும் ஆட்கள் வரத்தான் செய்வார்கள்.

முதலாம் வினாத்தாளின் நாற்பது நுண்ணறிவு வினாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் நான்கிலிருந்தே கடந்தகால வினாத்தாள்களையும் மாதிரி வினாத்தாள்களையும் போட்டோப் பிரதி எடுத்து, அடுத்த உருவம் எது, வேறுபட்டது எது என்று பிள்ளைகளை நாளெல்லாம் பழக்குகிறோம். யோசிக்கும் ஆற்றலை அளக்க வந்த வினாக்களை மனனமாக்கிவிட்ட பின்னர், அவை எதை அளக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில் கதைப்புத்தகமும் தோட்டமும் சித்திரமும் கைவிடப்படுகின்றன. இந்தத் தவணை தொடக்கம் தரம் நான்கில் காலை நேரப் பயிற்சித்தாளை நிறுத்திவிட்டு, வாசிப்பை வைத்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு தாய் எழுந்து, பக்கத்துப் பாடசாலையில் மாலை வகுப்பும் வைக்கிறார்களே, எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் பின்னுக்கு விடுகிறீர்கள் என்று கேட்டார். அவருடைய பயம் நியாயமானது. நான் முன்னர் சொன்ன அந்தப் பிள்ளையின் பயிற்சி வினாத்தாளை, பெயரை மறைத்து, எல்லோருக்கும் காட்டி, எந்த இடத்தில் எழுத்து நின்றுபோனது என்று விளங்கப்படுத்தினேன். அந்தத் தாய் இன்னும் முழுமையாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் மகனைக் காலையில் நேரத்துக்கே கொண்டுவந்து விடுகிறார்.

உம்மிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தவணைப் பரீட்சைகளில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வினாவரை வந்தது, எங்கே விட்டது என்று குறிக்கும் பகுப்பாய்வுப் படிவம் ஒன்று உமது வலயத்தில் பாவிப்பதாக முன்னர் சொல்லியிருந்தீர். அதன் பிரதி ஒன்றை அனுப்பிவைத்தால் தரம் மூன்றிலிருந்தே தொடங்கிவிடுவேன். அடுத்ததாக, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று நீங்கள் தயாரித்த சிறு வாசிப்புத் துண்டுகள் மிஞ்சியிருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்பும்; தபாற்செலவு என்னுடையது. டிசெம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு இங்கு வருவதாக எழுதியிருந்தீர். வரும்போது எங்கள் தரம் நான்கு ஆசிரியையோடு ஒரு முற்பகல் இருந்து பேச வேண்டும் என்று இப்போதே கேட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உமது நண்பன்