தீவிலிருந்து திரும்பிய மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ ஏற்பாடு செய்து நம் எல்லோரையும் கூட்டிப்போன தீவுப் பயணம் முடிந்து, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு இருமல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, காய்ச்சல் இல்லை. எனக்கும் வயிறு சரியாகிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்ற எதையும் நீ நிதானமாகப் படிக்கமாட்டாய்.

விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் நான்தாம்மா கெடுத்துட்டேன், மன்னிச்சிடும்மா" என்றாய். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். அங்கே நின்று பேசக்கூடிய விஷயமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எதையும் கெடுக்கவில்லை. உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்கிற முறையில், நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் நாம் சாப்பிட்ட இடத்தை நீதான் தேர்ந்தெடுத்தாய், அதனால்தான் பெரியவனுக்கு வாந்தி வந்தது என்று மாப்பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். நன்றாக யோசித்துப் பார். சாப்பாடு கெட்டிருந்தால் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட நம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வயிறு கலங்கியிருக்கும். நமக்கு அப்படி வரவில்லை. முதலில் பெரியவன், ஒரு நாள் கழித்து மாப்பிள்ளை, அதற்கும் பிறகு நான். ஒருவர் பின் ஒருவராக வருகிறது என்றால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற வைரஸ் என்றுதான் வார்டில் முதலில் சந்தேகப்படுவோம். நோரோவைரஸ் போன்றவை உடம்புக்குள் போனதும் வேலையைக் காட்டாது. 12 முதல் 48 மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வாந்தியாக வெளியே வரும். பெரியவன் வாந்தி எடுத்தது, நாம் படகை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில். அப்படியென்றால் அநேகமாக அது அவனுக்கு ஒட்டியது தீவில் கால் வைப்பதற்கு முன்னால். பள்ளிக்கூடத்திலோ, விமானத்திலோ, எங்கோ ஒரு கைப்பிடியிலோ. நீங்கள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அன்றைக்கு இரவு அவன் வாந்தி எடுத்திருக்கலாம். அந்தக் கடைக்காரர்கள் மேல் பழி போட வேண்டாம், உன்மேலும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் எல்லோரையும் விரட்டி விரட்டி சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தது உனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. பையில் சானிடைசர் இருக்கிறதே என்றாய். இந்த வகை வைரஸை சானிடைசர் அவ்வளவாக ஒன்றும் செய்யாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் கழுவி அனுப்பும். சின்னவளுக்கும் அப்பாவுக்கும் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

இப்போது அந்த இரவைப் பற்றி. நீ அதை மறக்க நினைக்கிறாய், நான் மறக்கமாட்டேன்.

அவன் தண்ணீர் கேட்டு அழுதான். கொடுத்தால் கடகடவென்று குடித்துவிட்டு அப்படியே வெளியே தள்ளினான். நான் எழுந்து வந்து பார்த்தபோது நீ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலக்கி வைத்துக்கொண்டு, ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தாய். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாய், முன்னைவிட மெதுவாக. ஒரு ஸ்பூன், இரண்டு மூன்று நிமிடம் இடைவெளி, அடுத்த ஸ்பூன். நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்றும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று ஒவ்வொன்றாக நீ பார்த்ததையும் பார்த்தேன். வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதைப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அந்த ஸ்பூனுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, உனக்குத் தெரியுமோ என்னவோ. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொன்காவ் முகாமில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர், குளுக்கோஸையும் உப்பையும் சோடா உப்பையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அங்கே 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்கு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் குடலில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். அவ்வளவுதான் தத்துவம். அவர் 2022இல் காலமானார், மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் அன்றைக்கு நம்பியது டாக்டர்களையும் நர்ஸுகளையும் மட்டுமல்ல. படிப்பே இல்லாத அம்மாக்களையும் அக்காக்களையும் நம்பினார். விடியவிடியத் தூங்காமல் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருக்க யாராவது ஒருவர் இருந்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை, இரவில் படகும் இல்லை. ஆனால் அவனுக்குத் தேவைப்பட்ட வைத்தியம் அந்த அறைக்குள்ளேயே இருந்தது.

படகு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கப்பலில் போயிருக்கலாம், அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்திருக்காது என்றாய். பெரிய கப்பலானாலும் அலை இருந்தால் ஆடத்தான் செய்யும். உள்காது "நீ ஆடுகிறாய்" என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருக்கிற கண்ணோ "எதுவும் அசையவில்லை" என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்பிப்போவதால் வருவதுதான் குமட்டல். அப்பாவை வெளியே கூட்டிவந்து, ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் உட்கார வைத்து, வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார்க்கச் சொன்னதும் அவருக்குத் தேவலையானது. டார்வின்கூட பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை சுற்றினாரே, கடைசிவரை அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. உலர்திராட்சை மட்டும்தான் வயிற்றில் தங்கும் என்பாராம். இதைச் சொன்னதும் அப்பா முகத்தில் ஒரு தெம்பு வந்ததே, பார்த்தாயா?

திரும்பும்போது காற்று அதிகம் என்று படகை நிறுத்திவிட்டார்கள். விமானத்தை விட்டுவிடுவோமோ என்று நீ பதறினாய். எனக்கும் பதற்றம்தான். ஆனால் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, "இன்றைக்குப் போகமாட்டேன்" என்று சொல்கிற படகோட்டி கிடைத்தது நம் நல்ல நேரம்.

மாப்பிள்ளையின் முதுகு வெந்துபோனதற்கும் நீ காரணமில்லை. அன்று வானம் மூடியிருந்தது, அதனால் அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை ஊடுருவி வந்துவிடும். மணலும் நுரையும் வேறு திருப்பி அடிக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் பாதுகாப்பு என்பதும் இல்லை, அரை மீட்டர் ஆழத்தில்கூட மேலே உள்ளதில் 40 சதவீதம் இருக்கும். எரிச்சல் பெரும்பாலும் ராத்திரியில்தான் தெரியும், அதற்குள் தோல் வெந்திருக்கும். அடுத்த முறை மேகம் இருந்தாலும் சட்டையோடு இறங்கச் சொல். மாமியார் சொன்னதாகவே சொல்லிக்கொள், கேட்பார்.

தாமதமாக வந்த பெட்டி, அலை இழுத்துக்கொண்டு போன ஒற்றைச் செருப்பு, ஈரத்தில் செத்துப்போன போன் இவற்றையெல்லாம் நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று நீ முகம் சுளித்த அன்று, பெரியவன் மெல்ல எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தான். தாத்தா அவனுக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டியதை நீ கவனித்திருக்கமாட்டாய், துணி துவைத்துக்கொண்டிருந்தாய். தீவில் பெய்கிற மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான கடல் நீரின்மேல் ஒரு லென்ஸ் வடிவத்தில் மிதந்துகொண்டிருக்குமாம். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். அளவுக்குமேல் இறைத்தால் உப்பு மேலேறி வந்துவிடும். அவன் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நாம தண்ணிமேல படுத்திருக்கமா தாத்தா?" என்று கேட்டான். வாந்தி நின்ற பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. அந்தக் காகிதத்தை அப்பா மடித்து எடுத்து வந்திருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தெரியக்கூடாது என்று முயற்சி செய்தீர்கள், தெரிந்தது. தூக்கமில்லை, உடம்பு முடியவில்லை, ஒரே அறையில் எல்லோரும் அடைந்து கிடக்கிறோம். அப்படி இருக்கும்போது வருகிற கோபத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதே. மறுநாள் விடிகாலையில் தனக்கே உடம்பு சரியில்லாதபோதும் அவர் எழுந்து போர்வைகளை அலசிப் போட்டதை நான் பார்த்தேன். உன்னிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து உங்களை நாங்கள் பார்ப்பது வீடியோ காலில். தலை வாரி, சிரித்துக்கொண்டு, குழந்தைகளைப் பாட்டுப் பாட வைத்து, எல்லாம் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாய். இங்கே வந்தாலும் ஒரு வாரம் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகிறாய். உன் வீட்டில் ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் என்ன நடக்கும், யார் விழித்திருப்பார்கள், உன்னால் தாங்க முடியுமா என்ற கவலை எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. நீ திட்டமிட்டபடி எல்லாம் நடந்திருந்தால் நாங்கள் நல்ல கடலையும் நல்ல அறையையும் பார்த்துவிட்டு அதே கவலையோடு திரும்பியிருப்போம். இப்போது அந்தக் கவலை எனக்கில்லை. அப்பாவும் அதையேதான் சொன்னார், வேறு வார்த்தைகளில். "நம்ம பொண்ணு நல்லா பாத்துக்கிறா" என்றார், வண்டியில் வரும்போது.

பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை இனி எங்கேயும் போகமாட்டேன் என்றாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். போ. கடல் அமைதியாக இருக்கும் மாதமாகப் பார். விமானத்துக்கு முந்தின நாளே கரை சேருகிற மாதிரி ஒரு நாள் உபரியாக வை. ஓஆர்எஸ், தெர்மாமீட்டர், குழந்தைகளின் எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால், இவை மட்டும் பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். எங்களையும் கூப்பிடு. அப்பா இப்போதே உலர்திராட்சை வாங்கி வைக்க வேண்டும் என்கிறார்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதே. பெரியவன் முழங்காலில் பவளப்பாறை கீறிய காயத்தை நேற்று வீடியோவில் பார்த்தேன், எனக்குத் திருப்தியாக இல்லை. பவளத்தின் துணுக்கு உள்ளே தங்கினால் காயம் சீக்கிரம் ஆறாது. தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவு. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சூடாகவோ வலியாகவோ இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டு. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தடுப்பூசி அட்டையில் பார். காலையில் பகல் வெளிச்சத்தில் காயத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடு, அப்போதுதான் அளவு தெரியும். போட்டோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா