அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அமுச்சியைப் போன வாரம் ஊரில் கொண்டுபோய் விட்டாச்சு. டவுனில் காத்தே இல்லையாம்.

போனில் பேசாமல் எதுக்குக் கடிதாசி என்று கேட்பாய். போனில் நீ "சாப்ட்டீங்களாப்பா, சரிங்கப்பா, வெச்சர்றனுங்கப்பா" என்று முடித்துவிடுகிறாய். அம்மாவிடம் அதுவும் இல்லை. வேலை நெம்ப இருக்குதாட்ட இருக்குது. ராத்திரி நேரத்தோடு படு. மெஸ் சாப்பாட்டை நம்பாதே. ஒரு ஆழாக்கு அரிசியும்பருப்பும் குக்கரில் வைக்க எத்தனை நேரமாகும்?

எங்க செட் ஆட்கள் எல்லாம் பி.எஸ்.ஜி. டெக் காலேஜில் கூடினோம். 1981ல் சேர்ந்த மெக்கானிக்கல் சாண்ட்விச். படிப்பும் பட்டறையுமாக மற்றவர்களைவிட ஒரு வருஷம் கூடவே ஒன்றாகக் கிடந்தவர்கள் என்பதால் எங்களுக்கு ஒட்டுதல் ஜாஸ்தி. பாதிப் பேருக்குத் தலையில் முடி இல்லை, மீதிப் பேர் சாயம் பூசியிருந்தார்கள். அமெரிக்காவில் இருப்பவன் வந்திருந்தான். நீலாம்பூரில் பம்ப் கம்பெனி வைத்திருப்பவன்தான் சாப்பாட்டுச் செலவு. யாருக்கு என்ன சம்பளம், யார் பிள்ளை எங்கே என்ற பேச்செல்லாம் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. பொறவு சாயங்காலம் வரைக்கும் வாத்தியார்களைப் பற்றியேதான்.

டிராயிங் சாரை நீ என் வாயால் கேட்டிருக்கிறாய். ஷீட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, சாய்த்துப் பார்த்து, "இது கோடா, பூரானாய்யா?" என்பார். அவர் இப்போது இல்லை. மிஷின் டிசைன் சார் வந்திருந்தார். காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் நம்ம பம்ப் கம்பெனிக்காரன் காதோரம் குனிந்து "பேரிங்?" என்று கத்தினதும் "நாலு" என்றார். "கியர்?" "எட்டு." டிசைன் கணக்குக்கு வேண்டிய அட்டவணையெல்லாம் இருக்கிற டேட்டா புக்கில் எது எந்தப் பகுதி என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டு எங்களை வதைத்தவர் அவர். அந்த புக் நம்ம காலேஜ் வாத்தியார்கள் தொகுத்து, கலைக்கதிர் அச்சகத்தில் அடித்தது. இந்தியா முழுக்க மெக்கானிக்கல் பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்குள் அதைக் கொண்டுபோகிறார்கள் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அதனாலேயே பென்சிலில் எவனாவது எதையாவது எழுதி வைத்திருக்கிறானா என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். ஒருத்தனுடைய புக்கில் காதல் கடுதாசி கிடைத்தது. பரீட்சை முடிந்ததும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்து, "இது டேட்டா கிடையாது" என்றார். அந்த ஆள் அன்றைக்குப் பெண்டாட்டியோடு வந்திருந்தான். பெண்டாட்டி வேறு ஆள்!

பட்டறை இன்ஸ்ட்ரக்டரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். அராவுகிற சத்தத்தை வைத்தே அரம் நேராகப் போகிறதா, ஆடுகிறதா என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லுவார். நம்ம பட்டறை இன்றைக்கு ஓடுவது அவர் கற்றுக்கொடுத்ததில்தான். டிகிரி இல்லாதவர் என்றால் பொன்னாடைக்கு ஆகாது போல.

அப்புறம் மெக்கானிக்ஸ் சார். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை இருக்கிறதே, அந்தக் கதை. சின்னதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். தமிழ் மீடியத்திலிருந்து வந்து கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பி, "உங்க ஊர்ப்பக்கம் கிணத்துல கவலை இறைக்கிற தடம் ஏன் சரிவா இருக்கு?" என்றார். "மாட்டுக்குச் சுளுவா இருக்கட்டும்னுங்க" என்றேன். "எப்படிச் சுளுவு?" "சால் மேல வர்றப்ப மாடு கீழாக்க எறங்குமுங்க, அதும் பாரமும் சேர்ந்து வடத்தை இழுக்குமுங்க." கிளாஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போர்டில் சரிவைப் போட்டு, மாட்டின் எடையை இரண்டாகப் பிரித்து, சரிவுவாக்கில் வருவது இது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். அவர் மாயவரம் பக்கத்துக்காரர், கவலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரில் சூலூருக்கு வந்து இறங்கிவிட்டார், கையில் டேப்போடு. அப்போது நமக்கு மோட்டார் வந்து வருஷங்கள் ஆகியிருந்தது. உங்க அப்பாரு, அதுதான் எங்கப்பா, அவருக்காகப் பரண்மேல் கிடந்த வடத்தை இறக்கி, மாட்டைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். சால் கிணற்றுக்குள் திரும்ப இறங்கும்போது மாடு பின்னாலேயே மேடேறுவதைப் பார்த்து அவருக்குச் சின்னப் பிள்ளையாட்ட சந்தோஷம்.

உனக்கு இதுவரைக்கும்தான் சொல்லியிருப்பேன். அந்த செமஸ்டர் முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். பூனாவில் ஏதோ கம்பெனி என்றார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவர் கொடுத்த நோட்டைக் கிழித்துப் போட்டேன். எங்களுக்கு அவர் பாடம் எடுத்தது ஒரே ஒரு செமஸ்டர். கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகப் பேசினது அவரைப் பற்றித்தான். ஏன் போனார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் "ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ்" என்று கூவினார். அங்கே அந்தப் பேரில் இப்போது எந்தக் காலேஜும் கிடையாது. 1945ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் ஜி.டி. நாயுடு ஆரம்பித்தது. அதுதான் தடாகம் ரோட்டுக்குப் போய் ஜி.சி.டி. என்கிற கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. ஆரம்பத்தில் நாயுடுதான் அதற்குப் பிரின்சிபால். இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதற்கு, ரெண்டு வருஷம் போதும் என்று சண்டை போட்டார். கேட்கவில்லை என்றதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். தைரியசாலி. ஆனால் அவருக்குச் சொந்தமாக யூ.எம்.எஸ். பஸ் ஓடிக்கொண்டிருந்தது கண்ணு. எல்லோருக்கும் பஸ் ஓடுமா?

அதை விடு. உன்ற ஸ்டூடண்ட் ஒருத்தன் நம்ம பட்டறைக்கு வந்தான். குறிச்சி சிட்கோவில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறானாம். ஷாஃப்ட் சாம்பிள் பார்க்க வந்தவன், மேஜையில் கிடந்த டேட்டா புக்கில் உன் பேரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேடத்தோட அப்பாங்களா?" என்றான். அப்புறம் உட்காரவே இல்லை, நின்றுகொண்டேதான் பேசினான். டென்சைல் டெஸ்ட்டைப் போடாமலே ரீடிங் எழுதிக்கொண்டு வந்தானாமே? "இரும்பு இத்தனை ஒழுங்கா இழுபடாது, போய்த் திருப்பிப் போடு" என்று லேப் பூட்டுகிற நேரத்தில் திருப்பி அனுப்பினாயாமே? "அன்னிக்கு மேடத்தைத் திட்டாத திட்டு இல்லீங்க" என்கிறான். இப்போது யாராவது ரொம்ப அழகாக ரிப்போர்ட் கொண்டுவந்தால் எழுந்துபோய் அவனே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறானாம். என் ஷாஃப்டையும் அப்படித்தான் அளந்தான். ஒன்றைத் தள்ளிவிட்டான். எனக்குக் கோபமே வரலை, அம்மிணி.

இன்னொன்றும் சொன்னான். அவனுக்கு ஜூனியர் பையன்கள் சொன்னார்களாம். கேட்டுக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு செக்‌ஷன் மேல செக்‌ஷன், மெக்கானிக்கலில் பெஞ்ச் காலி என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் சேர்ந்தபோது கோயமுத்தூரில் மூன்றே இன்ஜினியரிங் காலேஜ். 1984லிருந்து குமரகுரு, பெருந்துறையில் கொங்கு என்று ஆரம்பித்து, தமிழ்நாட்டில் 500க்கு மேல் போனது. மூன்று காலேஜ் இருந்தபோது வாத்தியார் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பிடிக்கப் போகவில்லை. மே மாச வெயிலில் உன்னை அனுப்பினார்கள் என்று நீ சொல்லவில்லை. கை கறுத்திருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எம்.இ.யில் ரேங்க் எடுத்த பிள்ளை. அந்த போட்டோவை அம்மா இன்னும் ஒறம்பரை வந்தால் எடுத்துக் காட்டுகிறாள்.

அதுக்காக அவசரப்பட்டு எதையும் செய்யாதே. ஒன்று கைக்கு வந்த பிறகு ஒன்றை விடலாம். உனக்குத் தெரியாததா. சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று நான் கேட்கவில்லை. மாசாமாசம் நீ அனுப்புகிறதை இந்த மாசத்திலிருந்து அனுப்ப வேண்டாம். லோன் ஆடியோடு முடிந்துவிட்டது. ஆர்டர் பரவாயில்லாமல் வருகிறது. லேத் ஒன்றுக்கு பெட் தேய்ந்து கிடக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதைப் பற்றி வெசனப்படாதே. ராத்திரி முழிக்காதே. கண் டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா?

பார்சலில் நாட்டுச்சர்க்கரை, கொள்ளு, அம்மா சுட்ட கச்சாயம் வருகிறது. கச்சாயத்தை ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. லீவு கிடைக்கிறதோ, கிடைக்கிறாப்பல இல்லையோ, ஒரு வாரம் வந்து இரு. சேரனில் வந்தால் திருப்பூர் தாண்டும்போது போன் பண்ணு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அந்தப் பையன் வந்துபோனதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஷாஃப்டை யார் தள்ளினது என்று கேட்டாள், கஸ்டமர் என்றேன். நீயும் அப்படியே சொல்லு.

உன்
அப்பா