ஈ.இ.இ.யா, ஈ.சி.இ.யா: கயலுக்கு அப்பா எழுதுவது

காடம்பாறை

அன்புக் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று அட்டகட்டி வரை இறங்கிவந்து போன் செய்து, பொறியியலில் எலக்ட்ரிக்கல் (ஈ.இ.இ.) எடுக்கிறாயா, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (ஈ.சி.இ.) எடுக்கிறாயா என்று கேட்டபோது, "ஈ.இ.இ., ஈ.சி.இ. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சரிதான் அப்பா, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாய். அந்தப் பதில் இரவு முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்கில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 91 என்று உழைத்து, 188.5 கட்ஆஃப் வாங்கியவள் நீ. அதை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடலாமா கண்ணு? போனில் பேச ஆரம்பித்தால் பெரியமாமா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. பாதியில் சிக்னலும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு ஷிப்ட் முடிந்து பொள்ளாச்சி இறங்கும் ஆபரேட்டர் அண்ணன் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். பொறுமையாகப் படி.

முதலில் பெரியமாமா சொல்வது. பெண் பிள்ளைக்கு ஈ.சி.இ.தான் நல்லது, ஈ.இ.இ. படித்தால் கம்பத்தில் ஏறவேண்டும், ஈ.சி.இ. என்றால் சுலபமாக ஐ.டி. கம்பெனிக்குப் போய்விடலாம் என்கிறார். உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த இரண்டு காரணங்களுக்காக மட்டும் நீ ஈ.சி.இ. எடுக்கக் கூடாது.

ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும்போது இரண்டு துறைப் பிள்ளைகளையும்தான் எடுக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துப் பார். முதலாண்டில் பைத்தான் எல்லோருக்கும் உண்டு. மூன்றாம் செமஸ்டரில் சி நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் இரண்டு துறையிலும் இருக்கின்றன. உனக்கு மென்பொருள்தான் பிடித்திருக்கிறது என்றால் நேராகக் கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்டுவிடலாம். அதற்கு ஈ.சி.இ.யைச் சுற்றுவழியாக்கி, மனம் ஒட்டாமல் ஆன்டெனாவையும் அலைகளையும் நான்கு வருடம் சுமக்க வேண்டியதில்லை.

கம்பத்தில் ஏறுகிற வேலை வயர்மேனுடையது, கேங்மேனுடையது. அது மதிப்புக்குரிய வேலை. புயல் அடித்து ஓய்ந்ததும் முதலில் தெருவில் இறங்குபவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஏறுவதற்கு முன் எந்த ஃபீடரை (மின்பாதையை) நிறுத்துவது, இரண்டு பக்கமும் எர்த் போட்டாயிற்றா, லைன் கிளியர், அதாவது லைனில் வேலை செய்யும் அனுமதி, கொடுக்கலாமா, எப்போது திரும்ப வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு பொறியாளருடையது. மேலே ஒருவன் கை வைத்திருக்கும்போது கீழே ஒரு சுவிட்ச் தவறிப் போட்டால் அவன் வீட்டில் விளக்கு அணைந்துவிடும். அந்தப் பொறுப்பைத் தாங்கக் கவனம் வேண்டும். மீசை வேண்டியதில்லை. மின்வாரியத்தில் எத்தனையோ பெண்கள் உதவிப் பொறியாளர்களாக இருந்து பிரிவு அலுவலகங்களை நடத்துகிறார்கள். இரவு நேரத்தில் போன் வரும், ஷிப்டும் இருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை.

இந்த வாதத்துக்கு எண்பது வருடத்துக்கு முன்பே ஒரு பெண் பதில் சொல்லிவிட்டார். ஏ. லலிதா என்று பெயர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைம்பெண், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. மருத்துவம் படித்தால் நடு இரவில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று யோசித்து, 1940களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். அவருடைய அப்பா அங்கே அதே துறையின் பேராசிரியர். மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் அவர்தான் பேசினார். அதே காலத்தில் லீலம்மா, திரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டம் கொடுக்கும்போது சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகி இருந்ததை அடித்து 'அவள்' என்று கையால் எழுதித் தர வேண்டியிருந்தது. பிறகு லலிதா கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தில் மின்தடங்களும் துணை மின்நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளிலும் பங்கு இருந்தது. திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே ஆனார். தன் குழந்தையையும் தன் வாழ்க்கையையும் கணக்கில் வைத்து, தானே யோசித்துத் துறையைத் தேர்ந்தெடுத்தார் லலிதா. உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அந்த யோசனையைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2021 பாடத்திட்டப்படி முதலாண்டில் இரண்டு துறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான், தமிழர் மரபு. இரண்டாம் செமஸ்டரில் மின்சுற்றுப் பகுப்பாய்வும் இருவருக்கும் வரும். மூன்றாவதில்தான் பாதை பிரியும். ஈ.இ.இ.யில் மின் எந்திரங்கள், மின்காந்தப் புலம், அடுத்து மின் கடத்தலும் பகிர்மானமும், பிறகு பவர் எலக்ட்ரானிக்ஸ், பாதுகாப்பும் சுவிட்ச்கியரும் என்று போகும். ஈ.சி.இ.யில் சிக்னல்களும் அமைப்புகளும், நிகழ்தகவு, டிஜிட்டல் வடிவமைப்பு, தகவல் தொடர்பு, சிப் வடிவமைப்பு என்று போகும். டயோடும் டிரான்சிஸ்டரும் இரண்டிலும் உண்டு.

இங்கே எங்கள் மின்நிலையத்தின் குகைக்குள் ஓடும் ஒவ்வொரு மெஷினும் 100 மெகாவாட். அட்டகட்டியில் என் போன் பிடித்த சிக்னலின் வலிமை ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த இரண்டுமே மின்சாரம்தான். ஆனால் முதலாவதில் உன் கவலை எல்லாம் ஆற்றல்: எவ்வளவு போகிறது, எங்கே வீணாகிறது, எது சூடாகிறது, பழுது வந்தால் எத்தனை மில்லி விநாடிக்குள் துண்டிப்பது. இரண்டாவதில் கவலை செய்தி: அந்தத் துளி சிக்னலை இரைச்சலிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது. அதனால்தான் ஈ.சி.இ.க்கு நிகழ்தகவும், சிக்னலை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கும் அவ்வளவு தேவைப்படுகின்றன. ஈ.இ.இ.யில் நீ நாள் முழுக்கச் சுழலும் வெக்டர்களோடும் கலப்பு எண்களோடும் மூன்று பேஸோடும் இருப்பாய். எந்தக் கணக்கோடு உனக்குப் பொறுமை வரும் என்று யோசி.

சின்ன வயதில் நீ இந்தக் குகைக்குள் வந்திருக்கிறாய். அப்போது உனக்குச் சத்தம் மட்டும்தான் நினைவில் நின்றிருக்கும். இங்கே என்ன நடக்கிறது என்று இப்போது சொன்னால் உனக்குப் புரியும். காடம்பாறை நீரேற்று மின்நிலையம். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மோட்டாராக ஓடிக் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றும் அதே எந்திரம், தேவை கூடும் நேரத்தில் திசை மாறிச் சுழன்று ஜெனரேட்டராகிவிடும். நான்கு மெஷின், மொத்தம் 400 மெகாவாட், 1980களின் கடைசியில் ஓட ஆரம்பித்தவை. இந்த மாதிரி நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 75, 80 யூனிட்தான். நஷ்டம்போலத் தெரியும். ஆனால் மாலையில் ஊர் முழுக்க விளக்கும் டிவியும் போடும் நேரத்து ஒரு யூனிட்டுக்கு இருக்கும் மதிப்பு வேறு. அந்தக் காலத்தில் இரவில் மிஞ்சுவதை வைத்துத்தான் ஏற்றும் யோசனை. இன்று கமுதியில் மட்டுமே 648 மெகாவாட் சூரிய மின்சாரம் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள். சூரிய மின்சாரம் மத்தியானம் கொட்டும், ஆறு மணிக்கு ஒன்றும் இருக்காது. காற்று நினைத்தால் வரும், நினைத்தால் நின்றுவிடும். இதையெல்லாம் கட்டி மேய்த்து, நாடு முழுக்க 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு வடக்கோடு இணைந்த பிறகு, இங்கே ஒரு மெஷின் டிரிப் ஆனால் அதன் அசைவு காஷ்மீர் வரை போகும். குந்தாவில் இப்போது 500 மெகாவாட்டுக்கு இன்னொரு நீரேற்று நிலையம் எழுப்புகிறார்கள். எலக்ட்ரிக்கல் பழைய துறை, அதில் இனி ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஈ.சி.இ.யைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பிராசஸரை வடிவமைத்து 2018இல் சிப்பாகவே ஓட வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. செயற்கைக்கோளோ ரேடாரோ எதை எடுத்தாலும் ஈ.சி.இ. படித்தவர்களின் கை இல்லாமல் நடக்காது. மின்நிலையங்களுக்கு உள்ளேயே பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் பழைய வட்டு சுழலும் ரிலேக்களின் இடத்தில் எண்முறை ரிலேக்கள் வந்துவிட்டன; அவை ஒன்றோடொன்று நெட்வொர்க்கில் பேசுகின்றன. அந்தப் பக்கமிருந்து எலக்ட்ரிக்கலும் எலக்ட்ரானிக்ஸுக்குள் நுழைந்துவிட்டது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரைக்கும் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசை மின்தடம் வருகிறது. 6,000 மெகாவாட் தாங்கும். அதன் இரண்டு முனையிலும் வேலை செய்வது குறைக்கடத்திகள்தான். உன் பிளஸ் டூ புத்தகத்தில் படித்த அதே பி-என் சந்தியின் பெரிய வடிவம். ஆகவே ஒன்றை எடுத்தால் மற்றதற்குக் கதவு சாத்திவிடும் என்று பயப்படாதே. பவர்கிரிட் மாதிரி நிறுவனங்கள் கேட் தேர்வில் பெரும்பாலும் எலக்ட்ரிக்கல் தாளைக் கேட்கும், இஸ்ரோ எலக்ட்ரானிக்ஸ்காரர்களைத் தேடும், யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. வேலை என்று பார்த்தால் வித்தியாசம் இவ்வளவுதான்.

ஒரு வேலை கொடுக்கிறேன், செய்து பார். இயற்பியல் புத்தகத்தில் மாறுதிசை மின்னோட்டப் பாடத்தையும் குறைக்கடத்தி எலக்ட்ரானியல் பாடத்தையும் மறுபடி எடு. தேர்வு முடிந்துவிட்டது, யாரும் மார்க் போடப் போவதில்லை. பாடத்துக்கு ஒரு நாள் கொடு. எந்தப் பாடத்தில் புத்தகத்தில் இல்லாத கேள்வி உனக்குள் எழுகிறதோ அதைக் குறித்து வை. பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்க்காதே, கேள்வியைப் பார்.

என் அபிப்பிராயம் கேட்டாய். சொல்கிறேன்: ஈ.இ.இ. நான் ஈ.பி.காரன் என்பதற்காக இல்லை. பெரியமாமா தோப்பில் ஒரு பேஸ் போய் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? எல்லோரும் மோட்டாரை அணைக்க ஓடினார்கள். நீ மட்டும், மூன்றில் இரண்டு பேஸ் இருக்கும்போது ஏன் கொஞ்சமாவது சுற்றக் கூடாது என்று என்னைத் துளைத்தெடுத்தாய். சுழல் காந்தப்புலத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். மறுநாள் காலையில் அந்தப் படத்தில் நான் ஒரு அம்புக்குறியை விட்டுவிட்டேன் என்று திருத்திக் கொண்டுவந்தாய். அப்போது நீ பத்தாவது. உன்னை இவ்வளவு தூரம் இழுத்துப் போனது எலக்ட்ரானிக்ஸாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் வாரத்தில் பாதி நாள் மலையில் இருக்கிறவன். உன் மனதுக்குள் நடப்பதில் நான் பார்க்காததும் இருக்கும். புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஈ.சி.இ. என்று வந்தால், அப்பா முகம் கோணாது.

கல்லூரி பற்றி: இந்த இரண்டு துறைக்கும் ஆய்வகம் முக்கியம். அரசு தொழில்நுட்பக் கல்லூரியோ வேறு எதுவோ, நேரில் போய் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேபைப் பார்க்கலாம். மெஷின்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேசு. விளம்பரப் பலகையில் இருக்கும் சம்பளக் கணக்கை நம்பி முடிவு செய்யாதே.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதியும்போது ஒன்றை மறக்காதே. பலரும் "இதுதான் கிடைக்கும்" என்று நினைப்பதை மேலே போட்டு, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். உன் தரவரிசைக்கு இடம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், முதலில் இடம் இருப்பதைக் கொடுக்கும். உயர்ந்ததை மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. கிடைக்காது என்று தோன்றினாலும் பிடித்ததை மேலே போடு. பிடிக்காத கல்லூரியையும் துறையையும் பட்டியலை நீளமாக்க மட்டும் சேர்க்காதே. கிடைத்துவிட்டால் அதிலேயே நிற்க நேரலாம். பதிந்த பிறகு பட்டியலைப் பூட்டும் முன் கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் ஒவ்வொரு வரியாகச் சரிபார். அவசரத்தில் ஒரு எழுத்து மாறினால் துறையே மாறிவிடும்.

இன்னொன்று. நான் டிப்ளமோ, அம்மா பிளஸ் டூ. தாத்தா பாட்டி யாரும் பட்டம் படித்ததில்லை. முதல் பட்டதாரி சான்றிதழ் உனக்குக் கிடைக்கும், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ரசீதை அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள். வந்துவிட்டதா என்று திங்கட்கிழமை போய்க் கேள்.

வெள்ளிக்கிழமை இரவு நான் வீட்டில் இருப்பேன். அதற்குள் உன் வரிசையை ஒரு தாளில் எழுதி வை. முதல் வரியில் ஏன் அதைப் போட்டாய் என்று கேட்பேன். பதில் உன்னுடையதாக இருந்தால் போதும், ஒரு வரியையும் மாற்றச் சொல்ல மாட்டேன். பெரியமாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ அவரிடம் எதிர்த்துப் பேசாதே. அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா