செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டுப் பெரியவர்களின் குரல் பதிவு

தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விளையாட்டும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. விரிவாகச் சொல்ல வேண்டியது, பெரியவர்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யும் வேலையைத்தான்.

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் பேசுவதில்லை. "என்னத்தச் சொல்ல, நட்டேன், அறுத்தேன்" என்பதோடு சரி. அதனால் வெளியாள் போகாமல் பேரப் பிள்ளைகளையே கேட்க வைத்தோம். தெற்குத் தெருவில் ஒரு பேத்தி, "கல்யாணமாகி இந்த ஊருக்கு எப்படி அப்பாயி வந்தீங்க?" என்றாள். மாட்டுவண்டி, பாமணியாற்றில் இடுப்பளவு தண்ணி. "நகைப் பெட்டி நனையக் கூடாதுன்னு எங்க மாமனாரு தலையில வச்சுக்கிட்டாரு. நான் நனைஞ்சா யாருக்கென்ன!" அதற்குப் பிறகு அவரை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஆண்டு கேட்டால் "புயலடிச்ச வருஷம்" என்பார்கள். ஒரு பையன் 2018 கஜா என்றே எழுதிக்கொண்டு வந்தான். தாத்தா சொன்னது 1952 நவம்பர் புயலை. நடுவில் 1977 புயல் வேறு இருக்கிறது. அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா, தலைப்பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டால் ஆண்டு பிடிபட்டுவிடும்.

அதே 1952இல்தான் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலைப் பங்கிடும் முறை) பயிரிடுபவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது அது. இதைப் பற்றி நம்மிடம் இரண்டு குரல்கள் உள்ளன. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசு வீட்டுப் பெரியவர், "அதோட பண்ணை கலைஞ்சுபோச்சு" என்கிறார். பண்ணையாள் வீட்டில் பிறந்தவர், "அப்புறந்தான் களத்துல எங்கப்பா நிமிந்து நின்னு மரக்காலை எண்ணினாரு" என்கிறார். ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. இரண்டும் இருக்கட்டும் என்பது என் கருத்து. தீர்மானமும் அப்படியே ஆனது.

பதிவு செய்யப் போகிறவர்கள் டேபிள் ஃபேனை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் யாராவது கூப்பிடுவார்கள். பெரியவர் யோசிக்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். "இது வெளியில போக வேண்டாம்" என்று அவர் சொன்ன பகுதி வீட்டுப் பிரதியில் மட்டும்தான் இருக்கும். நாத்தனாரைப் பற்றிச் சொன்னதை மட்டும் வெட்டித் தரச் சொல்லி மகன்கள் வருகிறார்கள். சொன்னவர் சம்மதிக்காமல் வெட்டுவதில்லை. ஒரு பிரதி வீட்டிலும் ஒன்று மன்ற அலமாரியிலும் இருக்கிறது.

ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலையில் யாருக்கும் நேரம் இருக்காது. வடக்குத் தெருவும் காலனியும் மீதி இருக்கின்றன. சித்திரை, வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். கேட்க முன்வரும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.